டச்சு மொழியில் தஸ் என்றால் டையா, மஃப்ளரா, மிருகமா? உங்கள் அனுபவம்?

தென்பாஸ்காரன்:
2023 மார்ச்சில் நெதர்லாந்தில் தென் பாஸ் – ஐந்தோவன் ரயில் நின்றுபோனது இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஆப்பில் டச்சு படிக்கிறவர். பிளாட்பாரத்தில் நின்ற ஊழியர், "எஸ் கிராமத்துக்கிட்ட தண்டவாளத்துக்கு அடியில தஸ்ஸன்" என்றார். தஸ்ஸன் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட தஸ். அப்பாவுக்குத் தெரிந்த தஸ், கழுத்தில் கட்டும் டை மட்டும்தான். "ஏண்டா, டை விழுந்தா எடுத்துப் போட்டுட்டு வண்டிய விடவேண்டியதுதானே?"

நான் அதை டச்சில் சொன்னேன். அந்த ஆள் சிரிக்கவே இல்லை. மூக்கிலிருந்து கண் வழியாகக் காது வரை இரண்டு விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அப்புறம் இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தார். பேட்ஜர், மண்ணைத் தோண்டி வளையில் வாழும் மிருகம்! அவர் கழுத்திலும் ஒரு தஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிரீஸ்லாந்து மாமி:
டைக்கு ஸ்ட்ரோப்தஸ் என்றுதான் சொல்லுவா. வெறும் தஸ் என்றால் மஃப்ளர். என் பெண்ணோட டீச்சர் குளிர்காலம் பூரா வாசலில் நின்று "யஸ் ஆன், தஸ் ஓம்" என்று கத்துவார், கோட்டைப் போடு, மஃப்ளரைக் கட்டு என்று. அதே மார்ச்சில் எங்க பக்கம் மோல்க்வெரும்மிலும் பேட்ஜர் தோண்டி ரயில் நின்றது. அதை யாரும் பேசமாட்டேங்கறேள்.

லிம்பர்க் செல்வம்:
மாமி, வெறும் தஸ் என்றாலும் டைதான், அகராதியைப் பாருங்கள். நான் பார்த்த தஸ் ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தது. முன்னங்கால் நகம் அவ்வளவு நீளம், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, காட்டை ஒட்டி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புல்தரையில் சின்னச் சின்னக் குழி இருந்தால் மண்புழு தேடி பேட்ஜர் வருகிறது என்று அர்த்தம். வளையின் வாய் உயரத்தைவிட அகலமாக இருக்கும், வெளியே மண் குவிந்திருக்கும், பழைய புல்லும் கிடக்கும். அதை மூடிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கு, அனுமதி இல்லாமல் வளையில் கைவைக்க முடியாது. ரயில்வேக்கே அந்தக் கதிதான். வாங்கும் முன் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், தோட்டத்தை போட்டோ எடுத்து வையுங்கள், வேலிக்கு அடியிலும் பாருங்கள்.

தென்பாஸ்காரன்:
அண்ணே, நான் இருப்பது நாலாவது மாடி.