ரெட்டினல் வாஸ்குலைட்டிஸ் (விழித்திரை ரத்தக்குழாய் அழற்சி): எந்த டெஸ்டில் தொடங்குவது?

பிஜி_கண்
27 வயது ஆண். வலது கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்று வந்திருக்கிறார். வலி, சிவப்பு இல்லை. விட்ரியஸில் (கண்ணுக்குள் இருக்கும் கூழில்) லேசான ரத்தக்கசிவு, ஓரத்தில் வெயின்களைச் சுற்றி வெள்ளை உறை. ஏஎன்ஏ, ஆங்கா, ஏசிஇ, ஹெச்எல்ஏ-பி51 (அழற்சி நோய்களைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள்) எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிவிடலாமா? அதற்குள் ஸ்டீராய்டு தொடங்கலாமா?

விழித்திரை_மடல்
வேண்டாம், இரண்டுமே. ஏஎன்ஏ நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே குறைந்த டைட்டரில் பாசிட்டிவ் வரும், பிறகு அதைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

முதலில் எந்தக் குழாய் என்று பாருங்கள். வெயின் என்றால் டிபி, ஈல்ஸ் (காரணம் தெரியாத வெயின் அழற்சி), சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), பெசெட் (வாய்ப்புண்ணோடு வரும் ரத்தக்குழாய் அழற்சி). ஆர்ட்டரி என்றால் ஹெர்பிஸ் வகை வைரஸ், சிபிலிஸ், லூபஸ் (உடல் தன்னையே தாக்கும் நோய்). ஆர்ட்டரியோடு ஓர ரெட்டினா வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் ஏஆர்என் (வைரஸால் ரெட்டினா வேகமாக அழுகும் நோய்). அன்றே ஆன்டிவைரல் தொடங்க வேண்டும், பிசிஆர் (வைரஸ் மரபணுச் சோதனை) ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

இடது கண்ணையும் டைலேட் செய்து (பாப்பாவை விரித்து), ஸ்க்லீரல் டிப்ரஷனோடு (கண்ணை வெளியிலிருந்து லேசாக அழுத்தி) ஓரம் வரை பாருங்கள். நோயாளி அதில் குறை சொல்லவில்லை என்பதால் விட்டுவிடுகிறோம். ஈல்ஸ் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும். வைடு-ஃபீல்டு எஃப்எஃப்ஏ (சாயம் ஏற்றி எடுக்கும் விழித்திரைப் படம்) எடுத்தால் கசிவு, ரத்தம் போகாத பகுதி, புதுக்குழாய் மூன்றும் தெரியும். திரும்பத் திரும்ப வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு 'ஆம்' என்றால்தான் பெசெட்டுக்கான பி51-க்கு அர்த்தம்.

யுவியா_கிளினிக்
இவருக்கு எழுத வேண்டியது: சிபிசி (ரத்த அணுக்கள்), ஈஎஸ்ஆர் (அழற்சி அளவு), சர்க்கரை, ஹெச்ஐவி, மாண்டு (டிபிக்கான தோல் ஊசிச் சோதனை), இக்ரா (டிபிக்கான ரத்தச் சோதனை), மார்பு எக்ஸ்ரே, சிபிலிஸுக்கு விடிஆர்எல்லோடு டிபிஹெச்ஏ. விடிஆர்எல் மட்டும் போதாது, பழைய சிபிலிஸில் அது நெகட்டிவ் ஆகிவிடும். மாண்டுவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். சிவப்பை அல்ல, தடிப்பை அளக்க வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டிருந்தால் தடிப்பு அமுங்கிவிடும். சார்காய்டோசிஸுக்காக ஏசிஇ கேட்பதானால், பிரஷருக்கு எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள், அளவு பொய்யாகக் குறையும்.

பிஜி_கண்
நன்றி சார். மாண்டு 16 மிமீ, இக்ரா பாசிட்டிவ், எக்ஸ்ரே நார்மல், மற்றவை நெகட்டிவ். அப்படியானால் டிபிதானா?

விழித்திரை_மடல்
உடம்பில் டிபி கிருமி நுழைந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நம் ஊரில் கண் நன்றாக இருப்பவர்களிலேயே பலருக்கு இரண்டும் பாசிட்டிவ். மார்பு ஹெச்ஆர்சிடி (நுணுக்கமான சிடி ஸ்கேன்) எடுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத நிணநீர்க்கட்டி அதில் பிடிபடும். வெயினை ஒட்டி கோராய்டில் (விழித்திரைக்குப் பின்னால் உள்ள அடுக்கில்) நிறமேறிய பழைய தழும்புகள் இருந்தால் டிபி பக்கம் தராசு சாயும். எதுவுமே இல்லையென்றால் ஈல்ஸ். அது மற்றதையெல்லாம் கழித்த பிறகு வைக்கும் பெயர்.

யுவியா_கிளினிக்
ஏடிடி (டிபி மருந்துகள்) முடிவை நெஞ்சக மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள். அதில் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய எதாம்பியூட்டாலுக்கு முன் பார்வை அளவும் வண்ணப் பார்வையும் குறித்து வையுங்கள். டிபி என்று முடிவானால் ஸ்டீராய்டு ஏடிடி பாதுகாப்பில்தான். தொடங்கிய சில வாரங்களில் அழற்சி கூடினால் மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். செத்த கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம், பெரும்பாலும் ஸ்டீராய்டைக் கூட்டினால் அடங்கும். புதுக்குழாய் இருந்தால், அழற்சி தணிந்ததும் ரத்தம் போகாத பகுதிக்கு லேசர்.