நாஃப்தலீனில் பென்சாயிக் அமிலம்: மூலக்கூறு எடை 127-உம் வருது, 200-உம் வருது. எது சரி?

சோதனைக்குழாய்:
ராஸ்ட் முறை (கரைபொருள் உறைநிலையை எவ்வளவு இறக்குதுன்னு பார்த்து மூலக்கூறு எடை கண்டுபிடிக்கிறது) பண்றோம். நாஃப்தலீன் 10.0 கிராம், பென்சாயிக் அமிலம் 0.61 கிராம். தூய நாஃப்தலீன் 80.2 டிகிரியில் அப்படியே நின்னுச்சு. அமிலம் போட்டு உருக்கின பிறகு அரை நிமிஷத்துக்கு ஒரு ரீடிங்: 79.4, 78.6, 77.7, 76.9, 78.0, 78.1, 78.1, 78.0, 78.0, 78.0, 77.9. நாஃப்தலீனின் உறைநிலைத் தாழ்வு மாறிலி 6.9.

76.9 எடுத்தா உறைநிலைத் தாழ்வு 3.3, எடை 127.5. பார்ட்னர் 78.1 எடுக்கச் சொல்றாங்க. அப்போ தாழ்வு 2.1, எடை 200. புத்தகத்துல 122. கிட்ட இருக்கிற 127-ஐயே ரெக்கார்டில் எழுதிடலாமா? இன்னொண்ணு, ஆறிக்கிட்டு இருக்கிற குழாயில் வெப்பநிலை எப்படித் திரும்ப ஏறுது?

உறைகலவை:
எழுதாதீங்க. 127 தற்செயலா வந்து விழுந்த எண். 76.9-இல் குழாய்க்குள்ள எதுவும் உறையவே இல்லை. அது சூப்பர்கூலிங்: உறைய வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் படிகம் தொடங்காம திரவமாவே கீழ போயிருக்கு. முதல் படிகம் விழுந்ததும் உள்ளுறை வெப்பம் வெளிய வருது, அதுதான் ரீடிங்கை ஏத்துது. வெப்பம் எங்கிருந்தோ புதுசா வரலை, ஆற்றல் புதுசா பிறக்காதுங்கிற வெப்ப இயக்கவியல் முதல் விதி பத்திரமா இருக்கு. நாஃப்தலீன் ஒரு கிராம் உறைஞ்சா சுமார் 149 ஜூல் விடும். திரவத்தை ஒரு டிகிரி ஏத்த கிராமுக்கு சுமார் 1.7 ஜூல் போதும். 1.2 டிகிரி ஏற, மொத்தத்துல ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவா உறைஞ்சாலே போதும்.

78.1-உம் கறாரா சரியில்லை. படிகமாகிறது தூய நாஃப்தலீன் மட்டும்தான். அமிலம் முழுக்கத் திரவத்திலேயே தங்குது. உறைய உறைய கரைசல் செறிவாகி, உறைநிலை இறங்கிட்டே போகும். உங்க கடைசி ரீடிங்குகள் மெல்லச் சரியறது அதனாலதான். கிராஃப் போடுங்க. உறைய ஆரம்பிச்ச பிறகு வர்ற சரிவுக்கோட்டை இடப்பக்கம் நீட்டி, முதல் நாலு ரீடிங் தர்ற செங்குத்தான கோட்டை எங்க வெட்டுதுன்னு பாருங்க. உங்க எண்களுக்கு 78.2 வரும். தாழ்வு 2.0, எடை 210.

சோதனைக்குழாய்:
அப்போ 122-ஐ விட்டு இன்னும் தூரமாப் போகுதே! எடைபோட்டது தப்பா? மாறிலி தப்பா?

பாதரசம்:
இரண்டும் சரி. மாறிலியை நீங்களே சரிபார்க்கலாம்: வாயு மாறிலி 8.314, உருகுநிலை 353.4 கெல்வின் (அதன் வர்க்கம்), மோலார் நிறை 0.12817 கிலோகிராம், மூன்றையும் பெருக்கி, உருகுதல் வெப்பம் 19,100 ஜூலால் வகுத்தால் ஏறக்குறைய 7 வரும். இதில் கரைபொருளின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். கரைபொருள் கலந்ததால் திரவத்தின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது, திண்மம் தூயதாகவே இருக்கிறது. ஆகவே இரண்டும் சமநிலைக்கு வர இன்னும் குளிர வேண்டும். எவ்வளவு குளிர வேண்டும் என்பது துகள்களின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது.

உங்கள் குழாயில் அந்த எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது. நாஃப்தலீனில் பென்சாயிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேர்ந்துவிடும். தண்ணீரில் இது நடக்காது. அங்கே தண்ணீர் மூலக்கூறே அந்தப் பிணைப்பைப் பிடித்துக்கொள்ளும். இணைதல் இல்லையென்றால் 0.61 கிராமுக்கு 3.45 டிகிரி தாழ்வு வந்திருக்க வேண்டும். வந்தது 2.0. வந்ததை வரவேண்டியதால் வகுத்தால் கிடைக்கும் வாண்ட் ஹாஃப் காரணி 0.58. இரண்டிரண்டாகச் சேர்வதால் (இருபடி) இணைதல் வீதம், அதாவது ஜோடி சேர்ந்த மூலக்கூறுகளின் பங்கு = 2 × (1 − 0.58) = 0.84. இணைதல் தாழ்வைக் குறைத்தது, சூப்பர்கூலிங் கூட்டிக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் பிறந்ததுதான் உங்கள் 127.

சோதனைக்குழாய்:
தெளிவாச்சு சார். அமிலத்தைப் பாதியாக்கினா ஜோடி குறையும், எடை 122 பக்கம் வரும்னு காட்டினா நிரூபணம் ஆகிடுமா?

பாதரசம்:
திசை சரி, ஆனால் உங்கள் கருவியில் தெரியாது. 0.30 கிராமுக்கு வீதம் 0.78 அளவுக்குத்தான் இறங்கும். எடை 200, தாழ்வு ஒரு டிகிரி. பத்தில் ஒரு டிகிரி தெர்மாமீட்டரில் இரண்டு ரீடிங்கின் வித்தியாசம் 0.1 வரை பிசகலாம். ஒரு டிகிரியில் அது 10 சதவீதம், நீங்கள் தேடும் மாற்றமோ 5 சதவீதம். அதற்குப் பதிலாக 0.77 கிராம் டைஃபீனைல் (154.2) போட்டு ஓட்டுங்கள். மோல் எண்ணிக்கை அதேதான், ஜோடி சேராது. தாழ்வு 3.4 அல்லது 3.5 வந்தால் உங்கள் கைவேலையில் குறையில்லை, குறைவது அமிலத்தின் குணத்தால் என்று உறுதியாகும்.

உறைகலவை:
ஓட்டும்போது நாலு விஷயம். சூப்பர்கூலிங்கை ஒரு டிகிரிக்குள்ள அடக்க, நிறுத்தாம ஒரே சீரா கலக்குங்க, எதிர்பார்க்கிற உறைநிலைக்குச் சற்றுக் கீழ (டைஃபீனைலுக்கு 76.5 பக்கம்) வந்ததும் நாஃப்தலீன் துணுக்கு ஒண்ணைப் போட்டா படிகம் உடனே தொடங்கும். குழாயைச் சுத்தி இன்னொரு பெரிய குழாய் காற்றுறையா இருக்கணும், இல்லைன்னா சரிவு ரொம்ப வேகமாகி கோடு போட முடியாது. கரைபொருளைத் தூளா கொட்டினா சுவர்ல ஒட்டி எடை ஏமாத்தும், வில்லையா அழுத்திப் போடுங்க. நேரடிச் சுடர் வேண்டவே வேண்டாம்: நாஃப்தலீன் ஆவி 80 டிகிரி பக்கத்திலேயே தீப்பிடிக்கும், 90 டிகிரி தண்ணீர்த்தொட்டி போதும். கடையில விக்கிற அந்துருண்டையும் ஆகாது. பாதிக்கு மேல பாரா டைகுளோரோ பென்சீனா இருக்கலாம், அது 53 டிகிரியிலேயே உருகிடும்.

சோதனைக்குழாய்:
ரெக்கார்டில் 210, வீதம் 0.84 எழுதிடறேன். குழாய் இப்போ கெட்டியா உறைஞ்சு கிடக்கு, தெர்மாமீட்டர் உள்ளேயே மாட்டியிருக்கு.

உறைகலவை:
இழுக்காதீங்க, குமிழ் உடைஞ்சிடும். வெந்நீரில் வெச்சு முழுசா உருகின பிறகு எடுங்க. உருகினதைப் பழைய பேப்பரில் ஊத்தி உறையவிட்டு அள்ளுங்க. சிங்க்கில் ஊத்தினா குழாய்க்குள்ளேயே உறைஞ்சு அடைச்சுக்கும்.