'டைரக்டர்ஸ் கட்': வெட்டா, பாடமா?

அன்புள்ள நண்பர்களே,

இயக்குநர் தாம் விரும்பியபடியே தொகுத்துத் தரும் படத்தை ஆங்கிலத்தில் 'டைரக்டர்ஸ் கட்' என்கிறார்கள். அதில் வரும் 'கட்' என்பதற்கு நம் சொற்பட்டியலில் 'வெட்டு' என்று போடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தணிக்கையில் போனதைத்தான் நாம் வெட்டு என்கிறோம். இயக்குநர் முழுசாகக் கொடுத்ததை 'இயக்குநர் வெட்டு' என்றால் பொருளே தலைகீழாகிவிடும்.

'பொசெஷன்' படத்தைப் பாருங்கள். போலந்து இயக்குநர் ஆன்ட்ஷெய் ஜுவாவ்ஸ்கி மேற்கு பெர்லினில் எடுத்த உளவியல் திகில் படம். இசபெல் அஜானிக்கு 1981 கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. சுரங்கப்பாதையில் அவர் தன்வசமிழந்து அலறும் காட்சி! மணமுறிவின் வேதனையை உடம்பாலேயே அப்படி நடித்துக் காட்டிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

முழுப்படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1983இல் அமெரிக்காவில் வெளியானபோது 40 நிமிடத்துக்கு மேல் காணாமல்போனது, காட்சி வரிசையும் மாறியது. பிரிட்டனிலோ வீடியோ கேசட் தடைப்பட்டியலில் விழுந்தது. சேகரிப்பாளர்களுக்கு இதன்மேல் உள்ள பித்துக்குப் பாதிக் காரணம் இந்த வரலாறுதான். மீட்டெடுத்த முழுப்படம் இன்று ப்ளூ-ரேயில் கிடைக்கிறது. இருந்தும் சிதைந்த அமெரிக்க கேசட்டையும் தேடிப் பிடிக்கிறார்கள். அது வேறொரு படமாகவே ஓடுகிறது என்பதால்தான்.

ஆக, நமக்கு இரண்டு சொற்கள் தேவை: படம் எப்படித் தொகுக்கப்பட்டது என்பதைக் குறிக்க ஒன்று, கையில் உள்ள பிரதியைக் குறிக்க ஒன்று. பழைய ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு அச்சிடும் சுவடிப் பதிப்புத் துறையில் இரண்டுமே இருக்கின்றன: நூலின் வாசகம் 'பாடம்', அதை எழுதிவைத்த பிரதி 'படி'. ஒரே நூலுக்குப் பல பாடங்கள் உண்டு, ஒரே பாடத்துக்குப் பல படிகள் உண்டு. 'இயக்குநர் பாடம்', 'தணிக்கைப் பாடம்', 'வெளியீட்டுப் பாடம்' என்போம். கையில் பிடிக்கிற கேசட், வட்டு, பிலிம் சுருள் எல்லாம் 'படி'.

மறுமொழி:
ஐயா, 'படி' அருமை. ஆனால் 'பாடம்' என்றதும் பள்ளிக்கூடம்தானே நினைவுக்கு வருகிறது? 'வடிவம்' போதாதா?

மறுமொழி:
'வடிவம்' ஏற்கெனவே 'ஃபார்மட்'டுக்குப் புழங்குகிறது. 'விஎச்எஸ் வடிவம்' என்றால் கேசட்டைச் சொல்கிறோமா, குறைத்த படத்தைச் சொல்கிறோமா? 'பாடம்' தனியே நின்றால் நீங்கள் சொல்லும் குழப்பம் வரும், அடைமொழியோடு நின்றால் வராது. சேகரிப்புப் பட்டியலில் 'பொசெஷன், அமெரிக்கப் பாடம், விஎச்எஸ் படி' என்று எழுதிப் பாருங்கள். தனியே எழுத நேர்ந்தால் 'திரைப்பாடம்' எனலாம். வேறு மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.