அஜந்தா, எல்லோரா: இரண்டு பகலில் முடியுமா?

கேள்வி:
ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தங்கி, திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா என்று யோசித்திருக்கிறோம். தௌலதாபாத் கோட்டையையும் சேர்க்கலாமா? கூட வரும் பெரியவருக்கு முட்டி வலி உண்டு.

பதில் 1:
முதல் வேலையாக இரண்டு நாளையும் இடம் மாற்றுங்கள். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. இப்போதுள்ள திட்டப்படி போனால் இரண்டு நாளும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

எல்லோரா சுமார் 30 கி.மீ.; கோட்டை அந்தச் சாலையிலேயே பாதி வழியில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் கோட்டையை முடித்துவிடுங்கள். மேலே போக நூற்றுக்கணக்கான படிகள். நடுவில் 'அந்தேரி' என்ற இருட்டுச் சுரங்கவழி, வௌவால் நிறைய. கைவிளக்கு கட்டாயம். பெரியவர் கீழே சாந்த் மினார் என்ற கோபுரத்தின் பக்கம் சமதரையில் இருக்கட்டும், மேலே ஏற வேண்டாம்.

எல்லோராவில் 34 குகைகள். 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து, மீதி சமணம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. 10, 12, 16, 32 போதும். 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயில் மேற்கு நோக்கியது. அதனால் காலையில் முகப்பு நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் வெயில் விழும். அதைக் கடைசிக்கு வைத்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய கோயில் என்பது கீழே நின்றால் பிடிபடாது. பக்கவாட்டில் மலைமேல் ஏறும் பாதையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். மழைக்காலத்தில் அங்கே பாறை வழுக்கும், விளிம்புக்குப் போகாதீர்கள்.

பதில் 2:
அஜந்தா பற்றி. தூரம் சுமார் 100 கி.மீ., இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். வண்டி குகை வரை போகாது, 4 கி.மீ. முன்பே நிறுத்திவிட்டு அங்குள்ள பேருந்தில் ஏற வேண்டும். இந்த வண்டி மாற்றத்துக்கே அரை மணி நேரம் கணக்கில் வையுங்கள். காலை 9 மணிக்குத் திறக்கும்போது வாசலில் இருந்தால் 1, 2-ஆம் குகைகளை நெரிசலில்லாமல் பார்க்கலாம். ஓவியம் நிறைந்தவை 1, 2, 16, 17. பத்மபாணி (தாமரை ஏந்திய போதிசத்துவர்) ஓவியம் 1-ஆம் குகையில், கருவறைக்கு இடப்பக்கம். கடைசிப் பக்கம் 26-இல் பரிநிர்வாண புத்தர் சிலையை (படுத்த கோலம்) தவறவிடக் கூடாது.

உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியவில்லையே என்று உடனே வெளியே வந்துவிடுகிறார்கள், அதுதான் பெரிய தவறு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். ஃப்ளாஷ் கூடாது. காய்ந்த மண்பூச்சின் மேல் தீட்டிய வண்ணம் அது, ஈரச் சுண்ணாம்பில் ஊறிப் பிடித்ததல்ல. மூச்சுக்காற்றின் ஈரம்கூட அதற்குக் கேடு. உள்ளே ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் அதனால்தான்.

முட்டி வலி உள்ளவருக்கு டோலி (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) கிடைக்கும். ஏறுமுன்பே எந்தக் குகை வரை, காத்திருப்பு உண்டா என்று பேசி முடித்துவிடுங்கள்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போனது: ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும், எனவே வார் கட்டும் ஷூ வேண்டாம். எல்லோரா பக்கத்திலேயே இருக்கும் கிரிஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்கக் கோயிலையும் சேர்ப்பதாக இருந்தால், கருவறைக்குள் ஆண்கள் சட்டையின்றித்தான் போக முடியும். வரிசை நீளமாக இருந்தால் கைலாசநாதருக்கான வெளிச்சம் போய்விடும், அன்று ஜோதிர்லிங்கத்தை விட்டுவிடுங்கள்.