அலபாமா, ஹன்ட்ஸ்வில்: குடி போகலாமா?

மூட்டைமுடிச்சு:
மனைவிக்கு ஹன்ட்ஸ்வில்லில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது இருப்பது மினசோட்டா. நான் மென்பொருள், ஹெச்1பி வேலை விசா. அலபாமா என்றதுமே நண்பர்கள் எல்லாரும் பருத்தி, புழுக்கம், டொர்னேடோ சுழல்காற்று என்று பயமுறுத்துகிறார்கள். வெயில் எப்படி, எனக்கு வேலை கிடைக்குமா? அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பருத்திக்காடு:
எட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். பருத்தி உண்மைதான். ஊரை விட்டு இருபது நிமிஷம் வண்டி ஓட்டினால் அக்டோபரில் வயலெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஆனால் ஊரை வளர்த்தது பருத்தி இல்லை, ராக்கெட். 1950-ல் ராக்கெட் பொறியாளர் ஃபான் பிரவுனின் குழு வந்தபோது இங்கே மக்கள்தொகை சுமார் 16,000. 2020 கணக்கெடுப்பில் 2,15,000, பர்மிங்ஹாமைத் தாண்டி மாநிலத்திலேயே பெரிய நகரம். நெடுஞ்சாலையில் வரும்போது நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் 110 மீட்டர் உயர மாதிரி வடிவம் தெரிந்தால், வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

வேலை விஷயத்தில்தான் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இருக்கிறது. ரெட்ஸ்டோன் ஆர்சனல் ராணுவத் தளமும் நாசாவின் மார்ஷல் மையமும்தான் இந்த ஊரின் வயிறு. அவற்றைச் சுற்றியுள்ள ஒப்பந்த நிறுவனங்களில் பெரும்பாலான வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள், பல இடங்களில் செக்யூரிட்டி கிளியரன்ஸும் (ரகசிய வேலைக்கான அரசு அனுமதி) வேண்டும். நான் வந்த புதிதில் ஒரு இன்டர்வியூவில் நாற்பது நிமிஷம் சி++ பற்றிக் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில்தான் விசாவைக் கேட்டார்கள். அதோடு சரி. அதை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு நாள் லீவாவது மிஞ்சியிருக்கும். நீங்கள் மருத்துவமனை, பல்கலைக்கழகம், கார் தொழிற்சாலைகளின் ஐடி பக்கம் பாருங்கள். மாஸ்டா டொயோட்டா ஆலை 2021-ல் திறந்தார்கள். இல்லையென்றால் இப்போதைய வேலையையே ரிமோட்டாக மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வெயில்: ஜூலையில் 32, 33 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் சட்டையைப் பிழிய வைக்கும். ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குப் பக்கம் போகும். பனி எப்போதாவது வரும். இரண்டு அங்குலம் விழுந்தாலே பள்ளிக்கு விடுமுறை, மினசோட்டாக்காரருக்குச் சிரிப்பு வரும். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் காரை மஞ்சளாக்கிவிடும், கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம்.

மளிகைக்கும் விற்பனை வரி உண்டு. மாநிலம் தன் பங்கை 4 சதவீதத்திலிருந்து 2023-ல் 3, 2025-ல் 2 என்று குறைத்தது. ஊர் வரி தனி. வீட்டு வரி மட்டும் மிகக் குறைவு, அது நிஜமான ஆறுதல்.

மூட்டைமுடிச்சு:
நன்றி அண்ணா. டொர்னேடோ பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? வீட்டில் அதுதான் பெரிய பயம். பேஸ்மென்ட் இருக்கும் வீடாகப் பார்க்கவா?

ராக்கெட்பக்கம்:
பேஸ்மென்டுக்கு அலையாதீர்கள், இங்கே அது அபூர்வம். கராஜ் தரையில் பதித்த ஷெல்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடு அறை. 'வாட்ச்' என்ற அறிவிப்பு வந்தால் டொர்னேடோ வர வாய்ப்புண்டு, 'வார்னிங்' வந்தால் உடனே உள்ளே போய்விட வேண்டும். வசந்த காலம் மட்டுமல்ல, நவம்பரிலும் ஒரு சுற்று வரும். 2011 ஏப்ரல் 27-ல் டொர்னேடோக்கள் அடித்து மின்கம்பிப் பாதைகள் சாய்ந்து ஊர் முழுக்கப் பல நாள் கரண்ட் இல்லை. ஏடிஎம், பெட்ரோல் பங்க் எதுவும் ஓடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கிறேன்.

பருத்திக்காடு:
இவர் சொன்னதோடு ஒரு வெதர் ரேடியோவும் வாங்கிவிடுங்கள், வானிலை எச்சரிக்கை வந்தால் அதுவே அலறும். வெளியே அடிக்கும் சைரன் தூக்கத்தில் கேட்காது. எங்கள் வீட்டு ரேடியோ ராத்திரி இரண்டு மணிக்கு அலறியதும் என் பெண் தானே சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாத்டப்பில் போய் உட்கார்ந்தாள். காலில் ஷூவும் போட்டிருந்தாள், உடைந்த கண்ணாடி குத்தக் கூடாது என்று. நான்தான் வெறுங்காலோடு நின்றேன்.