காலையில் திறக்காத கத்தி

குழு: அல்சூர் வீட்டுச் சொந்தங்கள், பெங்களூரு

சனி, காலை 7:42
நான்: பெரியப்பா, வணக்கம். அக்கா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மடக்குக் கத்தி சில வாரங்களாக மந்தமாக இருக்கிறது. முன்பெல்லாம் அலகின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பை விரலால் லேசாகத் தள்ளினால் போதும், மீதித் தூரத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், காலையில் முரண்டு பிடிப்பது மதியத்தில் ஓரளவு ஒழுங்காகத் திறக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா?

அத்தை: அது போலீஸ்காரர்கள் பிடிக்கிற பட்டன் கத்தி அல்லவா? அதை ஏன் வீட்டில் வைத்திருக்கிறாய்?

நியூ ஜெர்சி அக்கா: இல்லை அத்தை. பட்டன் கத்தியில் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினாலே அலகு வெளியே பாயும். இதில் அலகைக் கையால் தள்ளித் தொடங்கிவைத்தால்தான் ஸ்பிரிங் துணைக்கு வரும். இங்கே பட்டன் கத்திகளுக்கு எதிராக 1958-இல் வந்த மத்தியச் சட்டத்தை 2009-இல் திருத்தி, மூடியபடியே இருக்க முனைகிற, கையால் தள்ளித் திறக்க வேண்டிய கத்திகளுக்கு விலக்கு அளித்தார்கள். நம் ஊர்ச் சட்டம் வேறு. ஆகவே தம்பி அதை வீட்டில் பார்சல் பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

பெரியப்பா: ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். அந்தக் கத்திக்கு என்ன எண்ணெய் விட்டாய்?

நான்: தேங்காய் எண்ணெய்.

பெரியப்பா: நினைத்தேன். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பர் மாதத்துப் பெங்களூரு விடியலில் உன் குளியலறை அலமாரியில் இருக்கும் பாட்டிலைப் பார்த்தால் தெரியும். அதே வெண்மை இப்போது உன் கத்தியின் வாஷர்களுக்கு இடையிலும் இருக்கிறது, அதனால்தான் வெயில் ஏறிய பிறகு அதற்கு உயிர் வருகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, அலகு சுழலும் அச்சு ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடு. அதற்குப் பிறகும் பாதியில் நின்றால் எழுது.

சனி, மாலை 6:15
நான்: கழுவினேன். வேகம் கூடியிருக்கிறது, ஆனால் முழுதாகத் திறந்து பூட்டிக்கொள்ளவில்லை. மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு விரற்கடை அளவு வெளியே வருகிறது.

பெரியப்பா: அப்படியானால் ஸ்பிரிங்தான். இத்தகைய கத்தியில் ஒரே கம்பி இரண்டு வேலைகளைச் செய்கிறது. மூடிய நிலையில் அலகை உள்ளே அழுத்திப் பிடிக்கிறது. நீ தள்ளத் தள்ள எதிர்த்து நின்று, ஒரு புள்ளியைத் தாண்டியதும் கட்சி மாறி அலகை வெளியே தள்ளுகிறது. வீட்டுச் சுவிட்சு நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுகிறதே, அதே கணக்கு. எனவே கம்பி தளர்ந்தால் திறப்பது தாமதமாவது மட்டுமல்ல, சட்டைப்பைக்குள்ளேயே திறந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அலகின் கூர் விளிம்பு முழுவதும் டேப் சுற்றிவிட்டுப் பிரித்துப் பார். எஸ்.பி. ரோட்டில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் நட்சத்திரக் குழி ஸ்குரூவைக் கழற்றும் டார்க்ஸ் டி6, டி8 பிட்டுகள் கிடைக்கும். ஸ்குரூ அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதே. மரையில் பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்குரூவின் தலையில் சற்று நேரம் வைத்தால் இளகும். மேல் தகட்டைத் தூக்கும்போது கத்தியையும் கைகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள். கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் துள்ளி ஓடிய ஸ்பிரிங்கைத் தேடித் தரையில் தவழ்ந்தவன் சொல்கிறேன்.

ஞாயிறு, காலை 11:03
நான்: [புகைப்படம்] பிரித்துவிட்டேன். தகட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் இரு முனைகளும் மடங்கிய ஒரு சிறு கம்பி படுத்திருந்தது. அலகின் அடியிலுள்ள துளைக்குள் நுழையும் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, நாய் கடித்த பென்சிலைப்போல் இருக்கிறது. வளைவின் உட்புறத்தில் துருப்பிடித்த புள்ளியும், அதிலிருந்து முடி போன்ற ஒரு கோடும் தெரிகின்றன.

பெரியப்பா: அந்தக் கோடு விரிசல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கம்பி முறுக்கேறி இறங்குகிறது. துருவோ கீறலோ இருக்கும் இடத்தில்தான் உலோகத்தின் களைப்பு முதலில் வாய் திறக்கும். இன்னும் சில நாளில் உடைந்திருக்கும்.

சித்தப்பா: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஸ்பிரிங் செய்ய உதவும் பியானோ கம்பி வாங்கி வளைத்துவிடலாம். கொஞ்சம் தடிமனாகவே வாங்கிவிட்டால் இன்னொரு முறை தேயாது.

பெரியப்பா: அந்தத் தவற்றை மட்டும் செய்யாதே. முறுக்கை எதிர்க்கும் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 1 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.1 மி.மீ. கம்பி போட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்போ 46 சதவீதம் கூடிவிடும். அலகு, திறந்ததும் அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் பின்னில் சம்மட்டியைப்போல் மோதும். மூடும்போது அதே பலத்தை எதிர்த்துத் தள்ளும் விரல் வழுக்கினால் தையல் போட வேண்டிவரும். 0.9 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும். மைக்ரோமீட்டரில் அளக்காமல் கம்பி வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவது போன்றது.

சித்தப்பா: சரி அண்ணா, அளந்தே வாங்குகிறோம். அடுப்பில் காட்டி வளைக்கலாமா?

பெரியப்பா: சிவக்கக் காய்ச்சினால் ஸ்பிரிங் குணமே போய்விடும். சூடு காட்டாமல்தான் வளைக்க வேண்டும், கூர்மையான மடிப்பு கூடாது, குறடு பதிந்த தழும்பை நைஸ் எமரியால் நீக்க வேண்டும். பிறகு வளைத்த இறுக்கம் தணிய 230 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். அத்தையின் கேக் ஓவன் அந்தச் சூட்டைக் கொடுக்கும்.

அத்தை: அண்ணா, என் ஓவனில் துருப்பிடித்த கம்பி நுழைந்தால் இந்த ஆண்டு யாருக்கும் பிளம் கேக் கிடையாது. இதை முடிவாகவே சொல்கிறேன்.

நியூ ஜெர்சி அக்கா: யாரும் எதையும் வளைக்க வேண்டாம். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். உதிரி ஸ்பிரிங் தருகிறார்களாம். என் தோழி 20-ஆம் தேதி பெங்களூரு வருகிறாள், அவளிடம் ஓர் உறையில் கொடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா: அதுதான் சரி. என் கை வளைத்ததைவிட அவர்கள் அச்சில் வளைத்ததை நான் நம்புவேன்.

வியாழன், காலை 6:50
நான்: புதிய கம்பியைப் பொருத்திவிட்டேன். முதல் முறை ஒரு முனையைத் துளையில் விடாமலே மூடிவிட்டதால் மீண்டும் பிரிக்க நேர்ந்தது. வெளியே 16 டிகிரி. முதல் தள்ளலிலேயே திறந்து பூட்டிக்கொண்டது. தலைகீழாக உதறினேன், அலகு அசையவில்லை.

பெரியப்பா: ஸ்குரூக்களை நாளை ஒரு முறை சரிபார். பழைய கம்பியை எறிந்துவிடாதே, அதன் விட்டத்தை அளந்து உறையின் மேல் எழுதி வை.

அத்தை: என் ஓவனைத் தவிர எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.