ஆறு வரி புரோகிராம், ஏழாவது வரியில் பிழையாம்!

கேள்வி (காவேரிப்பட்டினம், பிளஸ் டூ)
பைத்தான் (கணினி மொழி) பயிற்சிக்காக எங்கள் மண்டியின் மாம்பழ விலையை அச்சிட ஒரு புரோகிராம் எழுதினேன். ஆறே வரி, எல்லாமே பிரிண்ட்தான். வீட்டில் விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர், பைத்தான் 3.8. ஓட விட்டால் "லைன் 7, அன்எக்ஸ்பெக்டட் இஓஎஃப் வைல் பார்சிங்" என்கிறது. ஏழாவது வரியே கிடையாது! முதல் ஐந்து வரியாவது திரையில் வர வேண்டாமா? ஒன்றுகூட வரவில்லை. கடைசி இரண்டு வரி இதுதான் (பிரிண்ட்டை ஆங்கிலத்தில்தான் அடித்திருக்கிறேன்):

பிரிண்ட்("பெங்களூரா", 25)
பிரிண்ட்("அல்போன்சா", 80

பதில்கள்

பாலக்கோடு
மேற்கோளுக்குள் தமிழ் இருப்பதால் இருக்கும். பழத்தின் பெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்க.

ஓசூர்
அது காரணம் இல்லைங்க. பைத்தான் 3-இல் மேற்கோளுக்குள் இருப்பது எல்லாம் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை), தமிழ் தாராளமாக வரலாம். கருப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருக் கோளாறு, தொடரியல் பிழை (புரோகிராம் எழுதும் இலக்கணத்தில் தவறு) அல்ல.

தம்பி, கடைசி வரியில் அடைப்புக்குறியை மூடவில்லை, பாருங்க. அது திறந்தே இருந்தால் வரி முடிந்தாலும் பைத்தான் மிச்சத்தை அடுத்த வரியில் தேடும். ஆறாவது வரிக்குப் பிறகும் தேடிப் போய், கோப்பு முடிந்த இடத்தில் (அதுதான் இஓஎஃப், எண்ட் ஆஃப் ஃபைல்) முட்டி நிற்கிறது. அதைத்தான் ஏழு என்கிறது.

மற்ற ஐந்து வரி ஏன் வரவில்லை என்றால், பைத்தான் கோப்பு முழுவதையும் இலக்கணம் சரிபார்த்த பிறகே முதல் வரியை ஓட்டும். ஒரு இடத்தில் தொடரியல் பிழை இருந்தாலும் எதுவும் ஓடாது. பிரிண்ட் என்பதன் எழுத்தை ஆறாவது வரியில் தப்பாக அடித்துப் பாருங்க, ஐந்து வரி அச்சாகிவிட்டு அப்புறம்தான் நேம் எரர் (இந்தப் பெயர் தெரியாது என்ற பிழை) வரும். ஆக, மேல் வரிகள் வந்தனவா என்று பார்த்தாலே பிழை எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
மூடினேன், ஓடிவிட்டது. நன்றி அண்ணா! ஆனால் இதே பழைய கோப்பை லேபில் ஓட்டியபோது ஆறாவது வரியைக் காட்டி, அடைப்புக்குறி "வாஸ் நெவர் குளோஸ்டு" (மூடப்படவே இல்லை) என்றது. ஒரே புரோகிராமுக்கு ஏன் இரண்டு பதில்?

ஓசூர்
லேபில் பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருக்கும். 2021 அக்டோபரில் வந்த 3.10-இல்தான் பிழைச் செய்திகளை நன்றாகத் திருத்தினார்கள். திறந்த இடத்தையே காட்டும். விண்டோஸ் 7-இல் 3.8-க்கு மேல் ஏறாது, அதனால் வீட்டில் பிழை சொல்லும் வரியோடு அதற்கு மேல் வரியையும் பாருங்க.

அரூர்
இன்னொன்று தம்பி, வேர்டில் அடித்து ஒட்டாதீங்க. மேற்கோள் குறி வளைந்து வரும், அதற்கும் தொடரியல் பிழைதான். நோட்பேடு போதும்.